லைன் மாறிய வீடு

அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்தபோது நான் ஹுத்தான் மெலிந்தாங் மீன்பிடித்துறையில் மீன் கூடை தூக்கிக்கொண்டிருந்தேன். அண்ணன் எங்கள் வீட்டின் முன்பக்கத்தில் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தார். அம்மா கூப்பிட்டது எங்கள் இருவருக்குமே கேட்கவில்லை. நான் ஒரு பேருந்துப் பயணத் தொலைவில் இருந்தேன். அவர் இரண்டு சுவர்களுக்கு அப்பால் இருந்தார்.

ஈப்போவில் எங்கள் வீடு ரயில் பெட்டிபோல நீளமானது. முன்வாசல் தெருவில், பின்வாசல் சந்தில். முன்பகுதி முழுக்க அண்ணனின் மாவு மில். அதற்கு அடுத்து அண்ணனும் அண்ணியும் இருக்கும் நடுக்கூடம், பிறகு மேலே திறந்த ஒரு சிறிய முற்றம். அதையும் தாண்டினால் சமையலறை, குளியலறை, அம்மாவின் அறை, நான் வந்தால் பாய் விரிக்கும் ஒரு சின்ன அறை. மில் மோட்டார் ஓடத் தொடங்கினால் நடுக்கூடத்தில் பக்கத்தில் நிற்பவரிடம் பேசவே வாயைக் காதருகே கொண்டுபோக வேண்டும். அம்மா ஒரு வாளியைக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டே கிடந்திருக்கிறாள். மத்தியானம் மோட்டாரை நிறுத்திய பிறகுதான், பொடி கட்டிக்கொண்டிருந்த அண்ணிக்கு அந்தச் சத்தம் கேட்டது. இடுப்பெலும்பில் விரிசல். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தாள்.

தகவல் வந்து நான் வீடு திரும்பினேன். அம்மாவின் குரலை முன்பக்கத்துக்கு எப்படிக் கொண்டுபோவது என்பதுதான் அப்போது என் ஒரே யோசனை. மணி கட்டலாம் என்றார் அண்ணி. மில் சத்தத்தில் மணி கேட்காது. பிறகுதான் சந்தைக்குப் பின்னால் பழைய ரேடியோ விற்கும் தவுக்கேயின், அதாவது சீன முதலாளியின், கடையில் அந்தப் பெட்டிகளைப் பார்த்தேன். ஊரை விட்டுப் போன யாரோ ஒரு சுரங்க மேலாளர் வீட்டிலிருந்து வந்த சாமான் என்றார் தவுக்கே.

பழுப்பு நிறத்தில் இரண்டு பெட்டிகள், ரொட்டி டின் அளவில். முகப்பில் குரல் வருவதற்குத் துளைகள். மேலே இரண்டு விசைகள். ஒன்றை அழுத்திக்கொண்டு பேச வேண்டும், விட்டால் எதிர்ப்பக்கம் பேசுவது கேட்கும். இன்னொன்று அழுத்திய விசையை அப்படியே பூட்டி வைக்கும். இரண்டு பெட்டிகளுக்கும் நடுவே தனியாக வயர் கிடையாது. ஒன்றை முன்னாலும் ஒன்றைப் பின்னாலும் சுவர்ப் பிளக்கில் செருகினால் போதும், வீட்டுக்குள் கரண்டு ஓடும் அதே வயரிலேயே பேச்சும் ஓடும். எனக்கு அது நம்ப முடியாததாக இருந்தது. தவுக்கே தன் கடையிலேயே செருகிக் காட்டினார். பிறகு ஒரு விரலைத் தூக்கி என் முகத்துக்கு நேரே ஆட்டினார்.

"சத்து ருமா சாஜா," என்றார். ஒரே வீடு மட்டும். வீடு விட்டு வீடு பேசாது.

எங்களுக்கு இருப்பதே ஒரு வீடுதான் தவுக்கே என்று நானும் மலாயில் சொல்லிச் சிரித்தேன். அவரும் சிரித்தார்.

நான் ரப்பர் தோட்டப் பள்ளியில் ஆறாவது வரைதான் படித்தேன். தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றபோது எங்கள் குடும்பம் ஈப்போவுக்கு வந்தது. அப்பா அதற்குப் பிறகு அதிக நாள் இல்லை. அண்ணன் நின்று நிலைத்தார், நான் ஓடினேன். லாரி, சுரங்கம், மீன்பிடித்துறை என்று எதிலும் ஒரு வருடம் முழுதாக இருந்ததில்லை. கோப்பெங்கில் ஒரு ஈயச் சுரங்கத்தின் பம்பு கொட்டகையில் இருந்தபோது கொஞ்சம் வயர் வேலை கற்றேன். அங்கே ஒரு பழக்கம் உண்டு. எங்கே கோளாறு என்று தெரியாவிட்டால் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் நோண்டக் கூடாது. ஒவ்வொன்றாக அமத்திவிட்டு, அதாவது அணைத்துவிட்டு, காதை வைத்துக் கேட்க வேண்டும். இந்தப் பெட்டிகளுக்கு அந்தப் பழக்கம்தான் உதவியது.

முதல்நாள் அம்மாவின் அறையில் ஒரு பெட்டியையும் நடுக்கூடத்துச் சுவரில் மற்றதையும் செருகிவிட்டு, "அம்மா, கேக்குதா?" என்றேன்.

"கேக்குதுய்யா!" என்ற பதில் பெட்டிக்குள்ளிருந்து வரவில்லை. முற்றத்தைத் தாண்டி நேராகவே வந்தது. மில்லில் மல்லி அரைக்க வந்திருந்த பெண்கள் சிரித்தார்கள்.

"அம்மா, விசைய அழுத்திட்டுப் பேசணும்லா."

"அழுத்திட்டுத்தான்டா இருக்கேன். நான் பேசிக்கிட்டே இருக்கேன், நீ தான் வாயத் தெறக்க மாட்டேங்கிற."

அழுத்திய விரலை எடுத்தால்தான் நான் பேசுவது கேட்கும் என்று புரியவைக்க அந்த வாரம் முழுவதும் பிடித்தது. புரிந்தபின் அடுத்த வம்பு வந்தது. ஒருநாள் அம்மா தெரியாமல் பூட்டு விசையை அழுத்திவிட்டாள். அண்ணன் சல்லடை மாற்றுவதற்காக மோட்டாரை நிறுத்திய நேரம். வாடிக்கையாளர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பெட்டி தெளிவாகப் பேசியது: "இவ வச்ச ரசத்துல பருப்பத் தேடணும்னா கண்ணாடி போட்டுக்கிட்டுத்தான் தேடணும்."

அம்மா பேசியது பூனையிடம். கேட்டது பாதித் தெரு.

அண்ணி கையிலிருந்த பொடியைத் தட்டிவிட்டு, "நாளைக்கே ஒரு கண்ணாடி வாங்கிக் குடுங்க உங்க அம்மாவுக்கு," என்று அண்ணனிடம் சொன்னார். அதன்பின் கொஞ்சநாள் சோற்றில் ரசமே இல்லை.

பெட்டி ஒழுங்காகப் பேசிய நாளைவிட முனகிய நாள் அதிகம். மில் ஓடினால் உள்ளே வண்டு புகுந்ததுபோல் ஓர் இரைச்சல். பிரிட்ஜ் உதறிக்கொண்டு கிளம்பும்போது சொல்லின் நடுவில் ஒரு துண்டு காணாமல் போகும். அம்மா "தண்ணி" என்றால் எங்களுக்கு "ணி" என்று வரும். கலிமந்தான் என்று நாங்கள் சொல்லும் குழல் விளக்கு எரிந்தால் அம்மாவின் குரல் நடுங்கும். அண்ணி பயந்துபோய் ஓடிப் பார்த்தால் அம்மா சும்மா வெற்றிலை கேட்டிருப்பாள். மிளகாய்த் தூள் வேறு பெட்டிக்குள் புகுந்துவிடும். மூடியைக் கழற்றித் தூரிகையால் துடைப்பேன், தும்முவேன், மறுபடி துடைப்பேன்.

ஒவ்வொன்றாக அமத்திப் பார்த்தேன். பிரிட்ஜை வேறு பிளக்குக்கு மாற்றினேன். குழல் விளக்கின் ஸ்டார்ட்டரைப் புதிதாகப் போட்டேன். முன்பெட்டியை மில்லின் பக்கத்திலிருந்து எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தள்ளினேன். கடைசியில் மோட்டார் ஓடும்போதும், இரைச்சலுக்கு நடுவே என்றாலும், அம்மா கூப்பிடுவது கேட்டது. ஒருநாள் காலை அம்மாவுக்குத் தலை சுற்றியிருக்கிறது. விழுவதற்கு முன்பே விசையை அழுத்திவிட்டாள். அண்ணி ஓடிப்போய்த் தாங்கிப் பிடித்தார். அன்று அண்ணிகூட அந்தப் பெட்டியைப் புடவைத் தலைப்பால் துடைத்து வைத்தார்.

பெட்டி வேலை செய்தது, ஊர் மாற என் கால் அரிக்க ஆரம்பித்தது. கோப்பெங்கில் பம்பு கொட்டகைக்கு மறுபடியும் ஆள் கேட்டார்கள். அண்ணனிடம் சொன்னேன்.

"போய்ட்டு வாடா," என்றார். "அம்மாவ நாங்க பாத்துக்கறோம். பின் ரூமு உனக்குத்தான். எப்ப வந்தாலும் பாய் விரிக்க எடம் இருக்கு."

நான் நம்பிப் போனேன்.

சில மாதங்களில் ஈயத்தின் விலை விழுந்தது. பம்புகளை ஒவ்வொன்றாக நிறுத்தினார்கள். என்னையும் நிறுத்தினார்கள். துணிப்பையோடு வீட்டுக்கு வந்தேன். அம்மாவின் அறையில் பெட்டி இருந்தது, அதன் சிவப்பு விளக்கும் எரிந்தது. முன்னால் போய்க் கேட்டால் வெறும் இரைச்சல்.

"ரோசாக் ஆயிருச்சுலா," என்றார் அண்ணன். கெட்டுப்போய்விட்டது என்கிறார். "பழைய சாமான். எத்தன நாளைக்கு உழைக்கும்?"

அம்மா தலைமாட்டில் ஒரு காலி பிஸ்கட் டின்னும் கரண்டியும் வைத்திருந்தாள். கூப்பிட வேண்டுமென்றால் அதைத் தட்டினாள். மோட்டார் ஓடினால் அதுவும் கேட்காது. அதனால் பகலில் நான் அவள் பக்கத்திலேயே இருந்தேன். பெட்டியைச் சரிசெய்யாமல் வேலை தேடி வெளியே போக முடியாது. ஆகவே சரிசெய்ய உட்கார்ந்தேன்.

இரண்டு பெட்டிகளையும் முன்னால் செருகினேன். நன்றாகப் பேசின. இரண்டையும் அம்மாவின் அறையில் செருகினேன். அங்கேயும் பேசின, பக்கத்தில் வைத்தபோது வீல் என்று கத்தக்கூடச் செய்தன. ஒன்றை முன்னாலும் ஒன்றைப் பின்னாலும் வைத்தால்தான் ஊமையாகிவிட்டன. அப்படியானால் பெட்டிகளில் கோளாறு இல்லை. நடுவில்தான் ஏதோ இருக்கிறது. அண்ணனிடம் இதைச் சொன்னேன்.

அவர் கொஞ்சம் யோசித்தார். "வயரு பழசுலா. மழைத்தண்ணி எறங்கியிருக்கும். மேல ஏறிப் பாரேன்," என்றார்.

அவரே ஏணியைக் கொண்டுவந்து சாத்தினார். நான் நடுக்கூடத்துப் பலகைக் கூரைக்கு மேலே ஏறினேன். எலிப்புழுக்கை, ஒட்டடை, எத்தனையோ வருட மிளகாய்த் தூள். கண் எரிந்து தண்ணீர் கொட்டியது. அண்ணன் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். டார்ச் விளக்கை எட்டிக் கொடுத்தார்.

"எடது பக்கம் பாருடா, அங்கன ஒரு ஜாயிண்ட் இருக்கும்."

"பாத்துட்டேண்ணே. நல்லாத்தான் இருக்கு."

"அப்ப அந்த மூலையில பாரு."

"மெயினக் கொஞ்சம் அமத்தட்டாண்ணே? கரண்டோட கை வைக்க முடியல."

"மில்லு ஓடணும்லா! ஆளுங்க காத்துக்கிட்டு இருக்காங்க. செருப்பப் போட்டுக்கிட்டுப் பாரு."

செருப்பைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். ஒருமுறை முழங்கையில் கரண்டு பிடித்து உதறியது. இறங்கி வந்து அண்ணன் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு மறுபடி ஏறினேன். முற்றத்துக்கு அந்தப்பக்கம், பின்னால் இருக்கும் கூரைமேல் ஏறட்டுமா என்று கேட்டேன். "அங்க நானே பாத்துட்டேன். அங்க ஒன்னும் இல்ல," என்றார். இப்படி எத்தனை நாள் ஏறினேன் என்று எண்ணவில்லை. ஒவ்வொரு நாளும் ஏணியை அவர்தான் பிடித்தார். வேறு யாரையும் பிடிக்க விடவில்லை.

ஒருநாள் அம்மாவிடம் கேட்டேன். "அம்மா, நான் இல்லாதப்ப இங்க வயரு கியரு ஏதாச்சும் நோண்டுனாங்களா?"

அம்மா வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னாள். "லைன் மாத்திட்டாங்கய்யா."

"யாரு?"

"பெரியவன்தான் ஏற்பாடு. எல்லாருக்கும் நல்லதுன்னு சொன்னான்."

"அப்ப பழைய லைனு?"

"பழைய லைன் இனிமே நமக்கு இல்லலா."

பழைய வயரைப் பிடுங்கிவிட்டுப் புது வயர் போட்டிருக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன். அண்ணன் மழைத்தண்ணீர் என்கிறாரே, புது வயரில் எப்படித் தண்ணீர் இறங்கும் என்ற யோசனை வந்தது. ஆனால் அம்மாவின் முகம் வாடியிருந்தது. அவளுக்குப் புது வயரைப் பற்றி ஏதோ பயம் என்று நினைத்து, "புது லைன்னா நல்லாத்தாம்மா இருக்கும். பழசக் கட்டிக்கிட்டு என்னா பண்றது? பயப்படாத," என்றேன்.



"நீயே இப்படிச் சொன்னா அப்புறம் நான் என்னத்தச் சொல்றது," என்றாள். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அடுத்து என் சந்தேகம் அண்ணி மேல் போனது. ரசம் கதையை அவர் மறந்திருக்க மாட்டார். நான் கூரைமேல் இருக்கும்போது பிளக்கை அமத்திவிடுகிறாரோ? நேராகவே கேட்டுவிட்டேன்.

"நான் ஏன் தம்பி அமத்தப்போறேன்? உங்கம்மா என்னா பேசுறாங்கன்னு கேக்க எனக்கும் ஆசையாத்தான் இருக்கு. ரசத்த முடிச்சிட்டு இப்ப கொழம்புக்கு வந்திருப்பாங்க." சிரித்தார். பிறகு மில் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "பொட்டியப் பாக்குறத விட்டுட்டு வீட்டப் பாருங்க தம்பி."

வேலைக்குப் போகாமல் வீட்டில் உட்கார்ந்து தின்கிறேன் என்று குத்துகிறார் என நினைத்தேன். ரோஷமாகிவிட்டது. சீக்கிரம் முடித்துவிட்டுக் கிளம்ப வேண்டும் என்று தீர்மானித்தேன்.

மில்லுக்கு விடுமுறை நாள். அண்ணனும் அண்ணியும் பக்கத்து ஊர் செமோரில் வாழ்க்கைப்பட்ட எங்கள் அக்காவைப் பார்த்துவரப் போயிருந்தார்கள். ஏணி பிடிக்க ஆள் இல்லை, மில்லும் ஓடவில்லை. மெயினை அமத்தி நிதானமாகப் பார்க்க இதைவிட நல்ல சமயம் கிடைக்காது. முன்சுவரில் மீட்டருக்குக் கீழே இருந்த மெயின் விசையை இழுத்தேன். நடுக்கூடத்தில் ரேடியோ நின்றது. காற்றாடி மெதுவாகி நின்றது. வீட்டின் சத்தமெல்லாம் அடங்கியது. அம்மாவுக்குப் புழுக்கமாக இருக்குமே, சொல்லிவிட்டு வருவோம் என்று பின்னால் போனேன்.

அம்மாவின் தலைக்கு மேலே காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது.

வாசல்படியில் அப்படியே நின்றேன். நான் அமத்தியது சரியான விசையா என்று திரும்பிப் போய்ப் பார்த்தேன். சரிதான். மறுபடி வந்தேன். காற்றாடி சுற்றியது. பெட்டியின் சிவப்பு விளக்கும் எரிந்தது.

"ஏன்யா மூஞ்சி இப்படி இருக்கு?" என்றாள் அம்மா.

முற்றத்துக்கு வந்து, அண்ணன் ஒன்றும் இல்லை என்று சொன்ன கூரைப்பக்கம் ஏறினேன். முன்னாலிருந்து வரும் வயர் தகரத்துக்கு அடியில் வெட்டப்பட்டு, நுனியில் கறுப்பு டேப் சுற்றிக் கிடந்தது. நேர்த்தியான சுற்று. வேறொரு புது வயர் பின்சந்து மின்கம்பத்திலிருந்து வந்து சுவருக்குள் இறங்கியது. பின்வாசலைத் திறந்து சந்துக்குப் போனேன். சுவரில் சாத்தியிருந்த தகரத் துண்டை நகர்த்தினேன். அங்கே ஒரு புது மீட்டர் இருந்தது. அதன் சக்கரம், அம்மாவின் காற்றாடிக்காக, நிதானமாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

சத்து ருமா சாஜா என்று தவுக்கே விரலை ஆட்டியது அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது. ஒரே வீட்டுக்குள்தான் அது பேசும். எங்கள் வீடு இரண்டு வீடாகியிருந்தது. அதை அந்தப் பெட்டிகள் நான் வந்த நாளிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தன.

உள்ளே வந்து அம்மாவின் கட்டிலருகே தரையில் உட்கார்ந்தேன். "அம்மா, பின்னால புது மீட்டரு இருக்கு. எதுக்கு?"

"மீட்டர் கீட்டர் எனக்கு என்னாய்யா தெரியும்? மீ நூடுல்ஸ் செய்யற சீனவரு ஒருத்தரு இந்தப் பக்கத்த எடுத்துக்கறாராம். வாடகைக்கு. நான் தான் அன்னிக்கே சொன்னேனே, லைன் மாத்திட்டாங்கன்னு."

தோட்டத்தில் நாங்கள் இருந்த வீட்டு வரிசைக்கு லைன் என்றுதான் பெயர். மேல் லைன், கீழ் லைன், புகைவீட்டு லைன். தோட்டத்துக் கணக்கரான கிராணி நினைத்தால் ஒரு குடும்பத்தை ஒரு லைனிலிருந்து இன்னொரு லைனுக்கு மாற்றுவார். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பெயர் படிக்கும்போது மேஸ்திரியான தண்டல் சொல்லிவிட்டுப் போவார், சாயங்காலம் சட்டிபானையைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். ஏன் என்று கேட்கும் வழக்கம் இல்லை. அம்மா தன் வாழ்நாளில் லைன் என்ற சொல்லுக்கு வேறு அர்த்தம் அறிந்ததில்லை. வயர் வேலை கற்றுவந்த எனக்கு அந்தச் சொல் வயராகத்தான் காதில் விழுந்தது.

"உன்னை எங்கம்மா மாத்தறாங்க?"

"செமோருக்கு. அக்கா இருக்கற லைனுக்கு. அத ஏற்பாடு பண்ணத்தான இன்னிக்குப் போயிருக்கான்." என் பக்கம் திரும்பினாள். "நீயும்தான சொன்ன, புது லைன் நல்லாத்தான் இருக்கும்னு, பழசக் கட்டிக்கிட்டு என்னா பண்றதுன்னு. அண்ணனும் தம்பியும் பேசி முடிச்சிட்டீங்கன்னு நெனச்சேன். அதான் நான் வாயத் தெறக்கல."

நான் சொன்னது வயரைப் பற்றி என்று அவளுக்கு விளக்க முயன்றேன். பாதியில் நிறுத்திவிட்டேன்.

அண்ணன் சாயங்காலம் வந்தார். மெயின் அமத்தியபடியே இருந்தது. வீடு இருட்டத் தொடங்கியிருந்தது. நான் மில் வாசலில் உட்கார்ந்திருந்தேன். அவர் முதலில் விசையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அண்ணி நேராக உள்ளே போய்விட்டார்.

"பின்னால காத்தாடி ஓடுதுண்ணே," என்றேன்.

அவர் ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார். "விக்கலடா. வாடகைக்குத்தான் விட்டிருக்கேன். மில்லு நடத்தறது இப்ப ரொம்ப சூசா, ரொம்பக் கஷ்டம். கடையில பாக்கெட்டுல பொடி வந்திருச்சி. யாரு மொளகா காயவச்சி அரைக்க வர்றா? நீயே பாக்குற தான?"

"அம்மா வீடு அது."

"அக்கா வீட்டுல நல்லாத்தான் இருப்பாங்க. இங்க இந்தச் சத்தத்துல, இந்தத் தூள்ல என்னா இருக்கு? விழுந்து கெடந்தாங்களே, மறந்துட்டியா?"

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ வந்தா எத்தன நாள் இருப்ப? எப்பவும் கெளம்பிருவ. இந்தத் தடவையும் கெளம்பிருவேன்னு பாத்தேன். சும்மா எதுக்குச் சண்டைன்னுதான்." கையை விரித்தார். "இந்தப் பாழாப்போன பொட்டிக்காக இத்தன நாள் உக்காருவேன்னு யாருக்குத் தெரியும்?"

அதுவரை நான் அவரை நீங்கள் என்றுதான் சொல்லி வந்திருந்தேன். அவர் எனக்கு மூத்தவர், அப்பா இல்லாத வீட்டில் அப்பா இடத்தில் இருந்தவர்.

"நீ ஏணி புடிச்ச," என்றேன். "நான் மேல தேடிக்கிட்டு இருந்தேன். நீ கீழ நின்னுகிட்டு எடது பக்கம் பாரு, அந்த மூலையில பாருன்னு சொன்ன."

அண்ணன் தலை குனிந்துகொண்டார். பிறகு சொன்னார்: "நீ விழுந்துரக் கூடாதுன்னுதான்டா புடிச்சேன்."

அதில் பொய் இல்லை. ஏணி வழுக்கியிருந்தால் அவர் தன் உடம்பைக் கொடுத்தாவது என்னைத் தாங்கியிருப்பார். கரண்டு பிடித்த அன்று என் முழங்கையைத் தேய்த்துவிட்டவரும் அவர்தான். தேய்த்துவிட்டு மறுபடி மேலே ஏற்றிவிட்டார்.

அன்றே அம்மாவிடம், ஒரு அறை பார்க்கிறேன், என்னோடு வந்துவிடு என்றேன். அம்மா சிரித்தாள். கேலியாக இல்லை, சாதாரணமாகத்தான் சிரித்தாள்.

"நீ ஊர் ஊரா ஓடுறவன்யா. எந்த லைன்ல ஒங்கூட வந்து இருக்கறது? அக்கா வீட்டுக்கே போறேன்."



அடுத்த வாரம் லாரியில் கட்டிலையும் இரண்டு பெட்டி துணியையும் ஏற்றினோம். அண்ணன் கயிறு கட்டினார். அவர் கட்டிய முடிச்சை நான் அவிழ்த்து மறுபடி கட்டினேன். அம்மா முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டு, "அந்தப் பேசற பொட்டிய எடுத்துக்கிட்டியா?" என்று கேட்டாள். எடுத்திருந்தேன்.

செமோரில் அக்காவின் வீடு சின்னது. மில் இல்லை, மோட்டார் இல்லை. அம்மாவின் அறையில் ஒரு பெட்டியும் கூடத்தில் ஒரு பெட்டியும் செருகினேன். இத்தனை தெளிவாக அவை பேசி நான் கேட்டதே இல்லை. அம்மா வெற்றிலை மெல்லும் சத்தம்கூடக் கேட்டது. அக்கா கொல்லையில் துணி துவைக்கும்போதும் அம்மா கூப்பிட்டால் ஓடி வந்துவிடுவார். எனக்கு அங்கே வேலை எதுவும் மிச்சமில்லை. ஆனாலும் சில நாள் தங்கினேன்.

கிளம்புவதற்கு முன்பு ஒருநாள் அண்ணன் வந்தார். கையில் மஞ்சள் தூளும் மிளகாய்த் தூளும், அம்மாவுக்குப் பிடித்த வாழைப்பழமும். கூடத்தில் உட்கார்ந்தார். பெட்டியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது: "யாரு வந்திருக்கா?"

அண்ணன் திடுக்கிட்டு, பிறகு மகிழ்ச்சியாகப் பெட்டியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "அட, நல்லா வேல செய்யுதேடா! நல்ல சாமானாத்தான் இருக்கு. நம்ம வீட்டுலதான் என்னாவோ ஒத்துவரல."

இதை அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. உண்மையாகவே அப்படித்தான் அவர் மனத்தில் பதிந்திருந்தது.

"அம்மா கேக்கறாங்க. அழுத்திட்டுப் பேசு," என்றேன்.

அழுத்தினார். "நான்தாம்மா. பெரியவன் வந்திருக்கேன்." விரலை எடுத்தார்.

பெட்டியில் இரைச்சலே இல்லை. அந்தப் பக்கம் கட்டில் கிரீச்சிட்டது கேட்டது. அம்மா மூச்சை இழுத்து விடுவது கேட்டது. அவள் விசையை அழுத்திக்கொண்டுதான் இருந்தாள். பிறகு விசையிலிருந்து விரலை எடுத்துவிட்டாள்.

அண்ணன் இன்னொருமுறை அழுத்தினார். "அம்மா? பெரியவன்மா. கேக்குதா?"

ஒன்றும் வரவில்லை. பெட்டியைக் காதருகே வைத்து ஆட்டினார். பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டினார்.

"மறுபடியும் ரோசாக் ஆயிருச்சா?" என்று என்னைக் கேட்டார்.

"இல்ல," என்றேன். "பொட்டி நல்லாத்தான் இருக்கு."